கொண்டுவிக்கப் போனவர்களும் கூலிக்குப் போனவர்களும்

3 பிப்ரவரி, காலை (ஒரு வாசகர் கேட்டது)

"பர்மாவுக்குப் போனது ஒரு சாதி மட்டும் இல்லை. சிவகங்கைப் பக்கமிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் எல்லாரும்தான் கப்பல் ஏறினார்கள். செட்டியார் மட்டும் தேக்கு மரம் இழைத்து மாளிகை கட்டினார். மற்றவர்கள் போன மாதிரியே திரும்பினார்கள். சிக்கனமும் கணக்குப் புத்தியும் ரத்தத்தில் வர வேண்டும். அது இருக்கிறவன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். இதில் என்ன தப்பு என்று யாராவது சொல்லுங்கள்."

3 பிப்ரவரி, இரவு

நான் சொல்கிறேன். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய, செட்டியார்கள் ஏறிய அந்தக் கப்பலில் என் ஐயாவும் இருந்தார். ஐயா என்றால் அப்பாவைப் பெற்றவர். 1927-ல், பதினேழு வயதில், கீழ்ப்பர்மாவில் பெகு என்ற ஊரில் ஒரு நாட்டுக்கோட்டைச் செட்டியார் கிட்டங்கிக்கு, அதாவது வட்டிக்கடையும் தங்குமிடமும் சேர்ந்த இடத்துக்கு, சமையலாளாகப் போனார். பதினைந்து வருடம் அங்கே உலை வைத்தார். வெற்றிலை போட மாட்டார். இரண்டு வேட்டி, ஒரு துண்டு. தலைக்கு எண்ணெய் வைத்தால் அன்று தீபாவளி. 1942-ல் ஊர் வந்து சேர்ந்தபோது கையில் இருந்தது ஓர் அலுமினியத் தூக்கு. அந்தத் தூக்கில்தான் நான் சின்ன வயதில் மோர் வாங்கப் போவேன்.

சிக்கனம் பணத்தைப் பெருக்கும் என்றால் எங்கள் வீட்டில் பெருகியிருக்க வேண்டும்.

அதே கிட்டங்கியில் அதே வருடம் ஒரு பெட்டியடிப் பையனும் சேர்ந்தான். முதலாளிக்குத் தூரத்து உறவு. பெட்டியடியில், அதாவது பணப்பெட்டிப் பக்கம், உட்கார்ந்து பேரேடு எழுதக் கற்றான், அப்புறம் அடுத்தாள் (உதவியாளன்) ஆனான், அப்புறம் மேலாள் (கடையை நடத்துகிறவன்). ஐயா கடைசி வரை சமையலாள்தான். அடுப்படிக்கும் பெட்டியடிக்கும் நடுவில் பத்தடி தூரம் இருந்திருக்கும். அந்தப் பத்தடியை மூளையால் தாண்ட முடியாது. அந்தப் பெட்டியடியில் யார் உட்காரலாம் என்பது அந்தப் பையன் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

4 பிப்ரவரி

நேற்று எழுதியது பாதிதான். தூங்கப் போன பிறகு தோன்றியது: "அவர்கள் அவர்களையே வளர்த்துக்கொண்டார்கள்" என்று சொல்லிவிட்டால் அது வெறும் புலம்பல். எப்படி வளர்த்தார்கள் என்பதுதான் விஷயம். முப்பது வருடமாக வங்கியில் வேலை பார்க்கிறேன். அந்த ஏற்பாட்டைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பிரமிப்பாக இருக்கிறது.

ஒரு கடையின் கணக்கில் முதலாளியின் சொந்தக் காசு, அதாவது முதல் பணம், ஒரு பகுதி. மற்றவர்கள் போட்டுவைக்கும் மேல்பணம் இன்னொரு பகுதி. ஆச்சிமார், அதாவது செட்டியார் வீட்டுப் பெண்கள், சீதனமாகக் கொண்டுவந்த பணம், பங்காளிகள் பணம், கோயில் பணம் எல்லாம் அதில் வரும். அதற்கு மேலே, ரங்கூனில் இருந்த வெள்ளைக்காரர் வங்கிகள் முன்வரிசைச் செட்டியார்கள் சிலருக்கு மட்டும் கடன் கொடுக்கும். அவர்கள் அடுத்த வரிசைக்குக் கொடுப்பார்கள், அவர்கள் அதற்கடுத்த வரிசைக்கு. ரங்கூன் மொகல் ஸ்ட்ரீட்டில் எல்லாரும் கூடி, தங்களுக்குள் அந்த மாதம் என்ன நடப்பு வட்டி என்று முடிவு செய்வார்கள். முகம் தெரியாத ஒருவருடைய உண்டியலைக்கூட (பணம் தரச் சொல்லி எழுதிய சீட்டு) விலாசத்தை, அதாவது பெயருக்கு முன்னால் வரும் குடும்ப எழுத்துகளை, பார்த்தே மாற்றிக் கொடுப்பார்கள். மூன்று நான்கு எழுத்துகள் கொண்ட விலாசம்தான், ஆனால் அதைப் படித்தால் அப்பன், பாட்டன், ஊர் எல்லாம் தெரிந்துவிடும்.

கடன் வாங்கியவன் ஏமாற்றினால்? கோர்ட்டுக்குப் போவது கடைசி வழி. நகரத்தார் என்று சொல்லப்படும் இந்தச் செட்டியார்களுக்கு ஒன்பது நகரக் கோயில்கள் இருக்கின்றன: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. கல்யாணம் ஆனால் இரண்டு பக்கத்துக் கோயில்களிலிருந்தும் மாலை வர வேண்டும். அப்போதுதான் அந்தத் தம்பதி ஒரு புள்ளி, அதாவது சமூகக் கணக்கில் ஒரு குடும்பம். பஞ்சாயத்துக்குக் கட்டுப்படாதவன் வீட்டுக்கு மாலை வராது. மாலை வராத வீட்டுப் பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

எங்கள் வங்கியில் ஒரு கடனுக்கு எத்தனை பத்திரம், எத்தனை கையெழுத்து, எத்தனை நோட்டீஸ். அவர்களுக்கு ஒரு பூமாலை போதும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இது குடும்பத்தையும் கோயிலையும் வைத்துக் கட்டிய ஒரு வங்கி. ஆனால் அதில் கணக்குத் தொடங்க ஒரே வழி அங்கே பிறப்பது. அல்லது பிள்ளை கூட்டிக்கொள்ளப்படுவது, அதாவது தத்து. அதுவும் அதே கோயில் பிரிவுக்குள்தான்.

4 பிப்ரவரி, மாலை

தேவகோட்டை அண்ணன் ஒருவர் கேட்கிறார்: "என் தாத்தா வேளாளர், செட்டியார் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பெட்டியடியில்தானே உட்கார்ந்தார்?" சரிதான். அப்படிப் பலர் இருந்தார்கள், நான் பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். அண்ணனிடம் ஒன்று கேட்டேன், பவர் பத்திரம் தாத்தா பெயரில் இருந்ததா என்று. இல்லை என்றார். கடன் கொடுக்க, வழக்குப் போட, நிலம் எழுதி வாங்க அந்தப் பத்திரம் வேண்டும். பெரும்பாலும் அது சொந்தத்துக்குள்தான் போனது. மேலாள் மூன்று வருடக் கணக்குக்குப் போவார், முடிந்ததும் திரும்பி வந்து லாபத்தில் பங்கு வாங்குவார், அதை முதலாக வைத்துத் தனிக்கடை போடுவார். கணக்குப்பிள்ளை சம்பளம் வாங்குவார்.

6 பிப்ரவரி

ஒரு பொருளைக் காட்டுகிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. பிரிந்த வீடுகளின் தூண், கதவு, பீங்கான், எனாமல் தூக்கு எல்லாம் அங்கேதான் வந்து சேரும். பத்து வருடம் முன்பு அங்கே ஒரு பேரேட்டை எடைக்கு வாங்கினேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அடுத்து சிவமயம், முதல் கணக்கே சாமி பெயரில். எங்கள் ஐயா வேலை பார்த்த கடை இல்லை. பர்மாவில் பியாப்பம் என்ற ஊர்ப் பக்கத்தில் இருந்த வேறு யாரோ ஒருவருடைய கடை.

சுக்கில வருடம், அதாவது 1929-30. பக்கம் பக்கமாகப் பர்மியப் பெயர்கள். மௌங் இன்னார், மா இன்னார், எத்தனை ஏக்கர் பேரில் எவ்வளவு கடன், வட்டி எப்போது வரவு. மாசி, பங்குனியில் நெல் அறுத்து விற்றதும் வட்டி வந்துவிடுகிறது. சில பெயர்களுக்கு எதிரே அசலும் தீர்ந்து குறுக்கே ஒரு கோடு. எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அடுத்த பிரமோதூத வருடம். வட்டி வரவு பாதி இடங்களில் இல்லை. மார்ஜினில் "சொல்லியிருக்கிறது", "தை வரை பொறுக்கச் சொல்கிறான்" என்று சின்னச் சின்னக் குறிப்புகள். அதற்கடுத்த பிரஜோத்பத்தியில் வட்டிப் பத்தி அனேகமாகக் காலி. ஆங்கீரச வருடத்தில் புதிதாக ஒரு தலைப்பு தொடங்குகிறது: "நிலம் வகை". முன்பு கடன் பகுதியில் இருந்த அதே பெயர்கள், அதே ஏக்கர்கள், இப்போது இந்தப் பக்கம் வந்துவிட்டன. ஆள் பெயருக்குப் பக்கத்தில் "குத்தகை" என்று எழுதியிருக்கிறது.

நடுவில் நடந்தது உலகத்துக்கே தெரியும். 1930-31-ல் நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. செட்டியாருக்கு நிலம் வேண்டாம், அவருக்குப் பணம்தான் வேண்டும். ஆனால் அடமானப் பத்திரம் அவர் கையில் இருந்தது. 1930-ல் கீழ்ப்பர்மாவில் நெல் விளையும் நிலத்தில் நூற்றுக்கு 6 அவர்கள் கையில், 1937-ல் நூற்றுக்கு 25. ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர். அந்தப் பேரேட்டின் நான்கு வருடத்தில் அது நடப்பதை விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

7 பிப்ரவரி

நேற்றைய கணக்கில் ஒரு திருத்தம். அந்த 6-ம் 25-ம் கீழ்ப்பர்மா முழுவதற்கும் இல்லை. நெல் அதிகம் விளையும் 13 மாவட்டங்களுக்கு மட்டும். ஏக்கர் கணக்கு சரி.

இன்னொன்று. "கந்துவட்டிக்காரர்கள், பிடுங்கிக்கொண்டார்கள்" என்று சிலர் கீழே எழுதியிருக்கிறீர்கள். நிலத்தை ஈடு வைத்தால் வருடத்துக்கு நூற்றுக்கு 12 முதல் 15 வரை சாதாரண வட்டி. உள்ளூர் வட்டிக்காரர்கள் அதைவிட அதிகம் கேட்டார்கள். 1929-30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு செட்டியார்கள் போட்டிருந்த மூலதனத்தை 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அந்தப் பணம் இல்லாமல் ஐராவதி டெல்டாவின் சதுப்புக் காடு வயலாக மாறியிருக்காது. அதையும் சொல்ல வேண்டும்.

9 பிப்ரவரி

"இனம் இதில் எங்கே வருகிறது?" என்று கேள்வி. மூன்று அடுக்காக வருகிறது.

மேலே வெள்ளைக்காரர். 1852 போரில் கீழ்ப்பர்மாவைப் பிடித்தவர்கள், 1869-ல் சூயஸ் திறந்ததும் அரிசியை ஐரோப்பாவுக்கு ஏற்றினார்கள். பெரிய அரிசி ஆலை, எண்ணெய், தேக்கு, ஆற்றுக் கப்பல் எல்லாம் அவர்கள் கம்பெனிகள். 1920-களில் பெரிய ஆலைக்காரர்கள் கூடி நெல் விலையை அமுக்க ஒரு கூட்டணியே வைத்திருந்தார்கள், புல்லிங்கர் பூல் என்று பெயர். அவர்களுடைய வங்கிகள் பர்மிய விவசாயியின் முகத்தில் விழிக்கவே இல்லை. செட்டியாருக்குக் கொடுத்தால் போதும், வசூல் அவர் பாடு.

சட்டமும் அவர்கள் போட்டதுதான். 1876 நிலச் சட்டப்படி காட்டை வெட்டித் திருத்தி 12 வருடம் தொடர்ந்து வரி கட்டினால் நிலம் சொந்தம். சொந்தமானால் அடமானம் வைக்கலாம், அடமானம் வைத்தால் இழக்கலாம். விவசாயிக்கு உரிமை தந்த அதே சட்டம் அந்த உரிமை கைமாறவும் வழி செய்தது. பஞ்சாபில் 1900-லேயே விவசாயி நிலம் வட்டிக்காரர் கைக்குப் போகாமல் தடுத்துச் சட்டம் போட்டார்கள், பட்டாளத்துக்கு ஆள் அங்கிருந்துதான் வர வேண்டும் என்பதால். பர்மியனுக்கு அந்த யோகம் இல்லை.

நடுவில் செட்டியார். கீழே பர்மிய விவசாயி. அவன் கண்ணுக்கு லண்டன் தெரியாது, ஆலை முதலாளி தெரியாது. நெற்றியில் விபூதியோடு, சுருட்டிய பத்திரத்தோடு வரப்பில் நடந்து வருகிறவர்தான் தெரிவார். அவர் கருப்பு, அந்நியர், "கலா" (இந்தியரை இழிவாகச் சொல்லும் பர்மியச் சொல்). கோபம் எல்லாம் அந்த ஒரு முகத்தின் மேல் இறங்கியது.

ஆனால் அடி விழுந்தது யார் மேல்? 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் கலவரம். செத்தவர்களில் பெரும்பாலோர் தெலுங்குக் கூலிகள். வேலைநிறுத்தம் செய்த அவர்களுக்குப் பதிலாகப் பர்மியர்களை எடுத்து, நிறுத்தம் முடிந்ததும் அந்தப் பர்மியர்களைத் துரத்திவிட்டது கப்பல் கம்பெனிகளின் ஆட்கள். வெட்டிக்கொண்டவர்கள் இரண்டு பக்கக் கூலிகள். 1938-லும் கடைத்தெருவில் இருந்தவனும் ரிக்‌ஷா இழுத்தவனும்தான் அகப்பட்டான். சொத்து ஒருவரிடம் இருந்தது, அடி அதே நிறத்துக்காரன் இன்னொருவனுக்கு.

11 பிப்ரவரி

இன்று அத்தையிடம் பேசினேன். எண்பத்தெட்டு வயது, நினைவு தெளிவாக இருக்கிறது. 3-ம் தேதி நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "தப்பு தப்பா எழுதியிருக்கே" என்றார்.

முதல் தப்பு, எழுதாமல் மனதில் வைத்திருந்தது: ஐயாவைக் கடைக்காரர்கள் பர்மாவில் விட்டுவிட்டு வந்தார்கள் என்று நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இல்லையாம். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தது. பெகுவில் கடையைப் பூட்டிவிட்டு மேலாளும் ஐயாவும் சேர்ந்துதான் கிளம்பினார்கள். அந்த மேலாள் வேறு யாருமில்லை, ஐயாவோடு கப்பலில் வந்த அதே பெட்டியடிப் பையன். மாண்டலே வரை ரயில், அப்புறம் படகு, அப்புறம் நடைதான். தமு வழியாக மணிப்பூர் மலை. வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பாதை, இந்தியர்களுக்கு வேறு பாதை என்று பிரித்துவிட்டார்களாம். அவர்கள் பாதையில் தண்ணீரும் தங்குமிடமும் இருக்கும் என்று பேச்சு. இவர்கள் பாதையில் வழியெல்லாம் பிணம். அந்த வருடம் நான்கைந்து லட்சம் பேர் பர்மாவிலிருந்து கிளம்பினார்கள், ஆயிரக்கணக்கில் வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

மேலாளுக்கு வயிற்றுப்போக்கு. ஐயா இரண்டு நாள் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். அந்தத் தூக்கில்தான் கஞ்சி. ஒரே தூக்கு, முதலில் அவர் குடிப்பார், மிச்சத்தை ஐயா. "அந்தக் காட்டுல செட்டியாரும் இல்ல, சமையக்காரனும் இல்லடா, ரெண்டு ஆம்பளைங்க, அவ்வளவுதான்" என்றார் அத்தை.

அப்புறம் திமாப்பூரில் ரயில். கல்கத்தா வந்து இறங்கினார்கள். இரண்டு பேர் காலிலும் புண், இரண்டு பேர் மடியிலும் காசு இல்லை. மேலாள் நேரே நகரத்தார் விடுதிக்குப் போனார். விலாசத்தைச் சொன்னார். ஊரைச் சொன்னார், கோயிலைச் சொன்னார். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் குளிக்க வெந்நீர் வைத்து, இலை போட்டு, புது வேட்டி கொடுத்தார்கள். மறுநாள் ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஊர் போகப் பணமும் கொடுத்தார்கள். யாரும் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை.

ஐயா திண்ணையில் படுத்தார். சாப்பாடு கொடுத்தார்கள், அதைக் குறை சொல்லக் கூடாது. மேலாள்தான் அவருக்கும் டிக்கெட் எடுத்தார்.

அந்த வாசல்படியை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மலையில் இரண்டு பேரும் சமம். கல்கத்தாவில் ஒருவருக்கு அப்பன், பாட்டன், கோயில் எல்லாம் வாசலில் காத்திருந்தது. இன்னொருவருக்கு யாரும் இல்லை. ரத்தத்தில் இருந்தது என்று கேட்டாரே அந்த வாசகர், அவருக்கு என் பதில் இந்த ஒரு இரவுதான்.

இரண்டாவது தப்பு: தூக்கு மட்டும்தான் மிச்சம் என்று எழுதினேன். ஐயா தன் சம்பளத்தைக் கடையிலேயே விட்டுவைத்திருந்தாராம். 1946-ல் முதலாளி கூப்பிட்டு அனுப்பி, கணக்குப் பார்த்து அந்தப் பணத்தைக் கொடுத்திருக்கிறார். பர்மாவில் அவருடைய சொத்து என்ன ஆகும் என்று அவருக்கே தெரியாத நேரம் அது. அந்தப் பணத்தில்தான் இப்போது எங்கள் வீடு இருக்கும் மனை வாங்கியது. நான் கோபத்தில் எழுதியதில் இது விடுபட்டுப் போனது. மன்னிக்கவும்.

12 பிப்ரவரி

பினாங்கிலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார்: "பிறப்பால் கிடைக்காதவர்கள் தாங்களே ஒரு வாசல் கட்டிக்கொண்டதும் உண்டு, அதையும் எழுதுங்கள்." நல்ல ஞாபகப்படுத்தல். மலாயாவில் வெள்ளைக்காரர்கள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போனபோது தோட்டத் தமிழர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். 1960-ல் மலாயா இந்தியர் தலைவர் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் எடுக்கிறவர்களிடம் மாதம் பத்து வெள்ளியாக (மலாயா டாலர்) பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். சிக்கனம் அவர்களிடம் எப்போதும் இருந்தது. சேர்ந்து போட ஒரு பெட்டி 1960-ல்தான் கிடைத்தது.

15 பிப்ரவரி

ஆச்சிமார் பணம் என்று 4-ம் தேதி ஒரு வரியில் கடந்துபோனேன். மூன்று பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நியாயம்.

என் பேரேட்டில் "உமையாள் ஆச்சி", "விசாலாட்சி ஆச்சி" என்று பல கணக்குகள். சீதனம் கடையில் தவணைக்கு இருக்கிறது, வட்டி ஏறிக்கொண்டே போகிறது. அது அவர்கள் பெயரிலேயே நிற்கும், மாமனார் கையில் கலக்காது. இன்னொரு பழக்கமும் கேள்விப்பட்டிருப்பீர்கள்: கல்யாணம் ஆன மகனை வேறு வைத்துவிடுவார்கள். ஒரே வீடு, ஒரே வளவு, ஆனால் தனி அடுப்பு. வருடத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று அளந்து கொடுப்பார்கள், அதற்குள் அந்தப் பெண் குடித்தனம் நடத்த வேண்டும். இருபது வயதுக்குள் அவள் வரவு செலவில் கெட்டிக்காரி ஆகிவிடுவாள்.

அத்தனையும் தெரிந்தவள் கடையில் உட்காரவில்லை. புள்ளிக் கணக்கு ஆண் வழி. பெண்ணுக்குக் கொடுப்பது சீராக, சீதனமாகப் போகும், விலாசம் மகனுக்குப் போகும். இது பழைய கதை என்றும் சொல்ல முடியவில்லை. 1900-ல் பர்மாவின் மோல்மேனில் தொடங்கி இன்றைக்கு இந்தியாவின் பெரிய தொழில் குடும்பங்களில் ஒன்றாக இருப்பது முருகப்பா குழுமம். போருக்கு முன்பே முதலைக் கொஞ்சம் கொஞ்சமாக இங்கே கொண்டுவந்துவிட்டதால் தப்பியவர்கள். அந்தக் குடும்பத்தில் வள்ளி அருணாசலம் தன் தந்தை இறந்த பிறகு குடும்ப முதலீட்டு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020-ல் பங்குதாரர்கள் வாக்கெடுப்பில் அது தோற்றது. 2023-ல் குடும்பத்துக்குள் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவர் அணுப் பொறியியல் படித்தவர். கணக்குப் புத்தி ரத்தத்தில் வரும் என்றால் மகளின் ரத்தத்தில் வராதா?

18 பிப்ரவரி

இது அம்மா பக்கத்துக் கதை. அம்மா ரங்கூனில் பிறந்தவர். தாத்தா பசுண்டாங் பக்கம் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போன ஆள். கப்பல் கட்டணமே கடன், அந்தக் கடன் தீரும் முன் அடுத்த கடன், கூலியில் மேஸ்திரிக்கு ஒரு பங்கு. ஐயாவுக்காவது சம்பளத்தை விட்டுவைக்க ஒரு கடை இருந்தது.

போர் முடிந்து தாத்தா குடும்பம் பர்மாவுக்குத் திரும்பிப் போனது. 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றதும் நிலங்களை அரசுடைமையாக்கும் சட்டம் வந்தது. செட்டியார்களின் ஏக்கர்கள் போயின. அதை அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, வயலில் சேற்றை மிதித்தவன் பர்மியன். அதற்குள் பெரிய குடும்பங்கள் இங்கே ஆலை, வங்கி என்று கால் ஊன்றிவிட்டன. 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கதவு திறந்தார்கள். ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவு இருந்தது. எல்லாச் செட்டியார்களுக்கும் அப்படி இல்லை. மொத்தமும் பர்மாவில் போட்டிருந்த எத்தனையோ வீடுகள் தூணைக்கூட விற்றன. அந்தச் சாமான்கள்தான் முனீஸ்வரன் கோயில் தெருவில் கிடக்கின்றன.

தாத்தா மாதிரி ஆட்கள் 1964-ல்தான் மொத்தமாக அடிபட்டார்கள். நே வின்னின் ராணுவ ஆட்சி கடைகளை எடுத்துக்கொண்டது. அந்த மே மாதம் ஐம்பது, நூறு சாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தா ஒரு பால் டப்பாவில் எட்டு நூறு சாட் நோட்டு சேர்த்து வைத்திருந்தார், அம்மா கல்யாணத்துக்காக. வரிசையில் நின்று மாற்ற அவருக்குப் பயம், எங்கே கிடைத்தது என்று கேட்பார்களே என்று. டப்பாவோடு கப்பல் ஏறினார்கள். 1965-ல் காரைக்குடி பர்மா காலனி. அந்த எட்டு நோட்டும் இப்போது என்னிடம் இருக்கிறது. மடிப்பு விழாத புது நோட்டுகள்.

பர்மாவில் "கலா". காரைக்குடியில் "பர்மாக்காரன்". அம்மா செய்யும் அத்தோ நூடுல்ஸுக்கு மட்டும் தெருவே வாசலில் நிற்கும்.

20 பிப்ரவரி

வங்கியில் நான் பார்த்ததைக் கேட்டீர்கள். ஊரும் கிளையும் வேண்டாம். 1990-களின் கடைசி. ஒரே வாரத்தில் இரண்டு பையன்கள் தொழில் கடன் கேட்டு வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே தொகை. ஒருவனுடைய மனுவோடு சித்தப்பாவும் தாய்மாமனும் ஜாமீன் கையெழுத்துப் போட வந்து உட்கார்ந்தார்கள். மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். இன்னொருவன் அகதி காலனிப் பையன், தனியாக வந்தான். அவனுடைய திட்ட அறிக்கை நன்றாக இருந்தது, மெஷின் விலைப்பட்டியல் வரை ஒழுங்காக இணைத்திருந்தான். "ஜாமீனுக்கு யாராவது கூட்டிட்டு வாப்பா" என்று சொல்லி அனுப்பினோம். சொன்னது நான்தான், மேலாளர் சொல்லச் சொன்னார். அவன் திரும்பி வரவில்லை.

வங்கிகளை அரசுடைமையாக்கி முப்பது வருடம் ஆகியிருந்தது அப்போது. பெட்டியடி போய்க் கவுண்டர் வந்திருந்தது. கேள்வி அதேதான்: நீ யார் வீட்டுப் பிள்ளை?

அன்றைக்கு நான் அவனுக்காக இன்னொரு வார்த்தை பேசியிருக்கலாம். என் அம்மா அந்தக் காலனியிலிருந்து வந்தவர் என்று தெரிந்தும் பேசவில்லை.

27 பிப்ரவரி

முதலில் கேள்வி கேட்ட வாசகர் எழுதியிருக்கிறார்: "சரி, ஏற்பாடு முக்கியம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உழைப்பு?" உழைப்பை யாரும் மறுக்கவில்லை. பதின்மூன்று வயதில் அம்மாவை விட்டுக் கடல் தாண்டி, இரவு பதினொரு மணி வரை கணக்கு எழுதிய பையனின் உழைப்பு சாதாரணம் இல்லை. நான் சொல்வது, அவன் உழைப்பு போய்ச் சேர ஒரு இடம் இருந்தது.

அவர் கேட்டதற்காகப் பேரேட்டை இன்று மறுபடி எடுத்தேன். சம்பள ஆட்கள் கணக்கு எங்கே என்று தேடினேன். கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. கணக்குப்பிள்ளைக்குப் பெயர் உண்டு. சமையலாளுக்குப் பெயர் இல்லை, "சமையல் ஆள் வகை" என்று மட்டும். எங்கள் ஐயா மாதிரியே அவரும் சம்பளத்தை எடுக்காமல் விட்டுவைத்திருக்கிறார். மூன்று வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் வரவு. அதே தாளின் முன்பக்கத்தில் ஆச்சி கணக்கு, வட்டிப் பத்தி மாதாமாதம் நிரம்பியிருக்கிறது. சமையலாளின் வட்டிப் பத்தியில் ஒன்றும் எழுதவில்லை. அந்த இருநூற்றுப் பன்னிரண்டும் கடையின் மேல்பணத்தோடு சேர்ந்துதான் மௌங் இன்னாருக்குக் கடனாகப் போயிருக்கும், வட்டியோடு திரும்பி வந்திருக்கும்.

ஐயாவுக்கு வட்டி போட்டார்களா என்று அத்தையிடம் கேட்க வேண்டும்.

28 பிப்ரவரி

கேட்டேன். போடவில்லையாம். ஐயாவும் கேட்கவில்லையாம். வட்டி என்பது தனக்கும் வரக்கூடியது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை என்றார் அத்தை.